கணக்கீடு

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
ஓட்டேரியில் இன்றைக்கு எனக்கு நூற்றுப் பத்து மீட்டர்.
பெட்டியைத் திறந்தால்
கொதிக்கும் உலைமூடியைத் தூக்கியது மாதிரி
முகத்தில் அடிக்கிறது.
எண்ணைப் படிக்கிறேன், கருவியில் ஏற்றுகிறேன்,
வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.
ஒரு சொட்டு வியர்வை விழுந்து
எழுநூற்று நாற்பதின் ஏழு கரைந்தது.
மேலேயே அழுத்தி எழுதினேன்.

பையில் ஒரு லிட்டர் பாட்டில்.
காலையில் நிரப்பியது,
மதியம் ஒன்றாகியும் கழுத்துவரை அப்படியே.
யாராவது செம்பு நீட்டினால்
தாகமில்லைங்க என்பேன்.
பொய்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று உண்டு, தாழ்ப்பாள் இல்லை.
பெட்ரோல் பங்க்கில் உண்டு, சாவி மேனேஜரிடம்,
மேனேஜர் எப்போதும்
சாப்பிடப் போயிருக்கிறார்.
ஆகவே நான் எவ்வளவு குடிப்பது என்பதைத்
தொண்டை முடிவு செய்வதில்லை,
அடிவயிறு முடிவு செய்கிறது.
காலை ஏழுக்கு அரை டம்ளர், அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான்.
ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை கல்.
மூன்று லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.
எங்கே போவது என்று எழுதவில்லை.

பழைய கட்டிடம். லிப்ட் கிடையாது,
மாடிக்கு மாடி மீட்டர்.
இரண்டாம் மாடி திரும்பும்போது
கையைப் பார்த்தேன்: உலர்ந்திருந்தது.
ஜாக்கெட் ஓரத்தில் உப்பு
வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது.
வியர்வை எப்போது நின்றது, தெரியவில்லை.
எண்கள் மட்டும் ஓடின, மீட்டரில் இல்லை,
கண்ணுக்குள்.

"ஓரம், ஓரம்" என்று ஏறி வந்தான் தேசப்பன்,
தோளில் இருபது லிட்டர் கேன்.
என்னைப் பார்த்து இறக்கி வைத்தான்.
"இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது? குந்து மொதல்ல."

படியில் இருவர்.
நடுவில் சீல் உடையாத தண்ணீர், நான்காம் மாடிக்காரருடையது.
அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.
இடுப்பில் செருகியிருந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடுத்தான்.
சாம்பல் நிறத்தில் நீராகாரம்,
மிதக்கிற சின்ன வெங்காயம் ரெண்டு.
"ஒரே மூச்சா ஊத்தாத. கொஞ்சங் கொஞ்சமா."
உப்பு நாக்கில் பட்டபோது
அழுகை வந்தது, அதற்கும் தண்ணீர் இல்லை.

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.
ஏன் குடிப்பதில்லை என்று.
"நாங்க செவுத்தப் பாத்து நின்னுடுவோம்" என்றவன்
சட்டென்று கீழே குனிந்து
கேன் மூடியைச் சரிசெய்தான், சரியாக இருந்த மூடியை.
பிறகு மூன்றாம் மாடி தையல் யூனிட்டின் கதவைத் தட்டி
கட்டிடம் முழுக்கக் கேட்கக் கத்தினான்:
"ரஷீதாக்கா! ஈபி மேடத்துக்குப் பாத்ரூம் போவணுமாம்!"

பன்னிரண்டு மெஷின் நின்றது.
அந்த நிமிஷம் செத்துவிடலாம் போலிருந்தது.
ரஷீதா உதட்டிலிருந்த நூலைத் துப்பிவிட்டு
உள்ளே கை காட்டினார், அவ்வளவுதான்.
மெஷின்கள் மறுபடி ஓடின.

நீல வாளி. மாட்டக்கூடிய தாழ்ப்பாள்.
குனிந்து பார்த்தேன்:
கட்டன் சாயா நிறம்.
ஊர் மீட்டரையெல்லாம் படிக்கிறவள்
இதை எத்தனை நாளாகப் படிக்காமல் விட்டேன்.

வெளியே வந்து, மிஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து
என் பாட்டிலைத் திறந்தேன்.
தண்ணீர் வெந்திருந்தது. பிளாஸ்டிக் வாசம்.
பாதிவரை குடித்தேன். காத்திருந்தேன். மீதியையும்.

அப்புறம் அவர்கள் மீட்டரைப் படித்தேன்.
ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம்.
குறைத்து எழுத என் கையில் இல்லை.
ரஷீதா அட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை,
"அடுத்த தபா வரும்போது மேலேயே வந்துடுங்க" என்றார்.

இப்போது என் நோட்டில்
மின் இணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில்
பென்சிலால் சின்ன வட்டம்.
ஓட்டேரியில் ஒன்று.
புரசைவாக்கத்தில் ஒரு பல் டாக்டர், பதினொன்றுக்கு முன்னால் என்றால்.
நாளைக்கு அயனாவரம்.
அங்கே பக்கம் முழுக்க எண்கள்தான்.